மார்ஃபாவுக்குப் போகுமுன்: முதலில் கிழமை, கடைசியில்தான் ஹோட்டல்

நாங்கள் முதல் முறை மார்ஃபாவுக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை. ஆஸ்டினிலிருந்து ஏழு மணி நேரம் வண்டி ஓட்டி, ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு, மாலை நாலரைக்கு ஊருக்குள் நுழைந்தோம். பெரிய தெருவின் நடுவில் ஒரு நாய் படுத்திருந்தது. எங்களுக்காக அது எழுந்திருக்கக்கூட இல்லை. கேலரிகள் பூட்டியிருந்தன. நான் மாதக்கணக்கில் ஆசைப்பட்ட சாப்பாட்டுக் கடையின் கண்ணாடியில் "புதன்கிழமை சந்திப்போம்" என்று கையால் எழுதிய அட்டை. மறுநாள் செவ்வாயும் அதே கதை. புதன் விடிந்தபோது நாங்கள் திரும்பிக் கிளம்பியாக வேண்டும். "இந்த ஊர்ல ஆள் இருக்காங்களாடா?" என்று அம்மா கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அதன் பிறகு இரண்டு முறை போய்விட்டேன். மூன்றாம் முறை இரண்டு வாரம் தங்கி அங்கிருந்தே வேலையும் பார்த்தேன். டெக்சாஸில் வேலை பார்த்துக்கொண்டு, பெற்றோரையோ நண்பர்களையோ கூட்டிக்கொண்டு போக நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம்.

ஊரைப் பற்றித் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். மேற்கு டெக்சாஸில், கடல் மட்டத்திலிருந்து 4,685 அடி உயரத்தில், காய்ந்த புல்வெளிக்கு நடுவே இருக்கிற ஊர். 2020 கணக்கெடுப்பில் 1,788 பேர். நியூயார்க்கில் பேரெடுத்த சிற்பி டானல்ட் ஜட் 1970களில் இங்கே வந்து, கைவிடப்பட்ட ராணுவ முகாமையும் ஊருக்குள் பல கட்டடங்களையும் வாங்கி, கலைப்பொருட்களை நிரந்தரமாக நிறுவினார். அதைப் பார்க்கத்தான் உலகம் வருகிறது. ஊர் ஒரு பக்கம் மாட்டுப் பண்ணை, எல்லைக் காவல், ரயில் பாதை என்று தன் பாட்டுக்கு இருக்கிறது.

1. கிழமையை முடிவு செய்யுங்கள்

எல்லோரும் முதலில் ஹோட்டல் பார்ப்பார்கள். இங்கே அப்படிச் செய்யாதீர்கள். அந்தப் பழைய ராணுவ முகாமில் இருக்கிற முக்கியமான கலைக்கூடமான சினாட்டி ஃபவுண்டேஷன் புதன் முதல் ஞாயிறு வரைதான் திறந்திருக்கும். மற்ற கேலரிகளும் பல உணவகங்களும் வாரக் கடைசியை ஒட்டியே ஓடுகின்றன. வியாழன் மாலை அல்லது வெள்ளி மதியம் வந்து சேர்ந்து ஞாயிறு கிளம்புவதுதான் சரியான கணக்கு.

லாங் வீக்எண்ட் வருகிறது என்று திட்டம் போடுகிறவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள். அமெரிக்காவில் நீண்ட விடுமுறை என்றால் பெரும்பாலும் திங்கட்கிழமை சேர்ந்து வருவது. மார்ஃபாவில் திங்கள் செத்த நாள். கூட்டமும் அதிகம், அறை வாடகையும் அதிகம், கடைசி நாள் உபயோகமும் இல்லை. அதைவிட ஒரு சாதாரண வாரத்தில் வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் போவது எவ்வளவோ மேல்.

பருவம் என்று பார்த்தால் அக்டோபரும் நவம்பர் முற்பாதியும் நல்லவை. ஆனால் அக்டோபரில் சினாட்டி வீக்எண்ட் என்ற ஆண்டு விழா நடக்கும். அந்த வாரம் பல மாதங்களுக்கு முன்பே அறை தீர்ந்துவிடும். கூட்டம், பேச்சு, விருந்து பிடிக்கும் என்றால் அதற்கே போகலாம், இல்லையென்றால் அந்தத் தேதியைத் தெரிந்துகொண்டு தவிர்த்துவிடுங்கள். மார்ச், ஏப்ரலில் புழுதிக் காற்று. ஜூன் வெயில் கடுமை. ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் இடி மின்னலோடு மழை வரலாம், ஆனால் புல்வெளி பச்சையாவதும் அப்போதுதான். எந்த மாதமானாலும் இரவில் குளிரும். உயரம் அப்படி. அப்பாவுக்கு ஒரு மஃப்ளர், அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள்.

2. டிக்கெட்: அறைக்கு முன்னால் இது

சினாட்டியின் முக்கியப் பகுதிகளை வழிகாட்டியோடுதான் பார்க்க முடியும். ஒரு குழுவில் சிலரைத்தான் சேர்ப்பார்கள். சனிக்கிழமை இடங்கள் முதலில் போகும். மூன்று நாலு வாரம் முன்பே இணையத்தில் பதிவு செய்யுங்கள், அக்டோபர் என்றால் இன்னும் முன்பே.

முழுச் சுற்று காலையில் தொடங்கி, மதியச் சாப்பாட்டுக்கு ஒரு இடைவேளை விட்டு, பிற்பகல் வரை போகும். சுருக்கச் சுற்றும் உண்டு. பெரியவர்கள் வந்தால் சுருக்கமானதையே எடுங்கள். நடை அதிகம், கட்டடங்களுக்கு நடுவே வெயில், உட்கார இடம் குறைவு. முட்டிவலியோடு அம்மா இரண்டாம் பயணத்தில் முழுச் சுற்றையும் நடந்தார். மாலை முழுக்க என்னோடு பேசவில்லை.

ஜட் வாழ்ந்த வீடும் நூலகமும் இருக்கிற வளாகத்துக்கு 'தி பிளாக்' என்று பெயர். ஊருக்கு நடுவில், உயரமான மண்கல் சுவருக்குள் இருக்கிறது. இதை நடத்துவது ஜட் ஃபவுண்டேஷன். சினாட்டி வேறு, இது வேறு. இரண்டு தளம், இரண்டு டிக்கெட், இரண்டு நேரம். ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டு இரண்டும் அதில் அடங்கும் என்று நினைத்து வந்து நிற்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். கட்டணம் மாறிக்கொண்டே இருப்பதால் எண் சொல்லவில்லை. நான்கு பேர் கொண்ட குடும்பம் இரண்டு சுற்றும் போனால் நூறு டாலரைத் தாண்டும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். மாணவர்களுக்கும் மூத்தோருக்கும் சலுகை இருக்கிறதா என்று பதிவுக்கு முன் பார்த்துவிடுங்கள்.

காசில்லாமல் பார்ப்பதற்கும் இருக்கிறது. சினாட்டியின் திறந்தவெளியில் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு வரிசையாக நிற்கும் 15 கான்கிரீட் படைப்புகளுக்கு வழிகாட்டி வேண்டியதில்லை. நீங்களாகவே நடந்து பார்க்கலாம். ஊருக்குள் 'பால்ரூம் மார்ஃபா' என்ற கூடத்தில் கண்காட்சி நடக்கும்போது உள்ளே போகலாம். 1886இல் கட்டிய இளஞ்சிவப்பு நிற கோர்ட் கட்டடமும், 1930இல் கட்டிய பைசானோ ஹோட்டலின் முற்றமும் சும்மா சுற்றுகிறவர்களுக்கு நல்ல நிழல்.

3. அறை

டிக்கெட் கையில் வந்த பிறகு அறை. மார்ஃபாவுக்குள் வெள்ளி, சனி இரவுகளுக்கு 200 டாலருக்குக் கீழே நல்ல அறை கிடைத்தால் யோசிக்காமல் போடுங்கள். அந்த விலையோடு மாநிலத்தின் 6 சதவீத ஹோட்டல் வரியும், அதன் மேல் உள்ளூர் வரியும் சேரும். பதிவுப் பக்கத்தில் முதலில் தெரிகிற எண்ணை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். சில இடங்களில் இரண்டு இரவு கட்டாயம்.

பழைய டிரெய்லர், கூடாரம் என்று படம் பார்த்து மயங்கிப் பதிவு செய்யும்போது குளியலறை எங்கே இருக்கிறது என்று படித்துவிடுங்கள். பலவற்றில் அது வெளியே, பொதுவானதாக இருக்கும். நள்ளிரவில் குளிரில் டார்ச் அடித்துக்கொண்டு போவது இருபத்தைந்து வயதில் அனுபவம், அறுபத்தைந்தில் தண்டனை.

செலவைக் குறைக்க வேண்டுமா? 26 மைல் கிழக்கே ஆல்பைனில் தங்குங்கள். பல்கலைக்கழகம், ஆஸ்பத்திரி, பெரிய மளிகைக் கடை, சாதாரண சங்கிலி விடுதிகள் எல்லாம் அங்கேதான். அல்லது 21 மைல் வடக்கே ஃபோர்ட் டேவிஸ். இரண்டுமே அரை மணி நேரத் தொலைவு. ஒரே குறை, இரவில் அந்தச் சாலையில் ஓட்ட வேண்டியிருக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஊருக்குள் தங்குகிறவர்களுக்கு ஒரு தகவல். சரக்கு ரயில்கள் ஊரின் நடுவே போகின்றன, ராத்திரியிலும். ஒவ்வொரு கிராசிங்கிலும் ஹாரன். காது அடைக்கும் பஞ்சு ஒரு டாலர்.

4. காகிதங்கள்: இதில் விளையாடாதீர்கள்

நீங்கள் அமெரிக்காவை விட்டு வெளியே போகவில்லை. ஆனால் மெக்சிகோ எல்லையிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறீர்கள். எல்லைக் காவல்படையின் ஒரு பெரிய பிரிவுக்கு மார்ஃபாதான் தலைமையிடம். நெடுஞ்சாலைகளில் நிரந்தரச் செக்பாயிண்ட் உண்டு. எல் பாஸோவிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலையில் கிழக்கே வந்தால் சியரா பிளாங்காவுக்கு முன்னால் ஒன்று. எல்லையோர ஊரான பிரெசிடியோவிலிருந்து வடக்கே வந்தால் மார்ஃபாவுக்குச் சற்றுத் தெற்கே ஒன்று. பிக் பெண்ட் தேசியப் பூங்காவிலிருந்து ஆல்பைனுக்குத் திரும்பினால் வழியில் ஒன்று. வண்டி நிற்கும், "யு.எஸ். சிட்டிசனா?" என்று கேட்பார்கள், நாய் ஒரு சுற்று வரும்.

குடிமக்கள் அல்லாத, 18 வயது நிரம்பியவர்கள் தங்கள் பதிவு ஆவணத்தை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஆஸ்டினிலும் டாலஸிலும் யாரும் கேட்பதில்லை என்பதால் நாம் மறந்துவிடுகிறோம். யாருக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.

கிரீன் கார்டு இருப்பவர்கள் அசல் அட்டை. புகைப்பட நகல் போதாது. எச்-1பி வேலை விசா, அவர்கள் குடும்பத்துக்கான எச்-4 என்றால் பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவு) அச்சு, ஐ-797 (ஒப்புதல் கடிதம்) நகல். வேலை அனுமதி அட்டை இருந்தால் அதுவும். மாணவர்கள் பாஸ்போர்ட்டோடு கல்லூரி தந்த ஐ-20 படிவம். விசிட்டர் விசாவில் வந்த அப்பா அம்மாவுக்கு பாஸ்போர்ட்டும் ஐ-94 அச்சும். ஐ-94ஐ வீட்டிலேயே தாளில் எடுத்துவிடுங்கள். அங்கே போய் இணையத்தில் எடுக்கலாம் என்றால் சாலையில் பாதி இடத்தில் சிக்னல் இருக்காது.

இரண்டாம் பயணத்தில் நான் செய்த முட்டாள்தனம் இது. "சும்மா தெற்கே கொஞ்ச தூரம் மலை பார்த்துவிட்டு வரலாம்" என்று 67ஆம் எண் சாலையில் போனோம். போகும்போது யாரும் நிறுத்தவில்லை. திரும்பும்போது செக்பாயிண்ட். எல்லாருடைய பாஸ்போர்ட்டும் ஹோட்டல் அறையில், பெட்டிக்கு அடியில், அம்மாவின் பட்டுப்புடவைக்குள் பத்திரமாக இருந்தன. வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்கள். பெயர், பிறந்த தேதி, எந்த விமான நிலையத்தில் இறங்கினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்த்து விட்டார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் அந்த இருபது நிமிடம் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து காகிதங்கள் வண்டியின் முன் டப்பாவில், ஒரே கவரில்.

இன்னொன்று. பிரெசிடியோவுக்கு எதிரே ஆற்றின் அந்தப் பக்கம் ஓஹினாகா. பாலம் தாண்டினால் மெக்சிகோ. "எட்டிப் பார்த்துவிட்டு வரலாம்" என்று போகாதீர்கள். உங்கள் விசா முத்திரை காலாவதியாகியிருந்தால், அல்லது பெற்றோருக்கு மெக்சிகோ செல்ல என்ன வேண்டும் என்று தெரியாவிட்டால், பாலத்துக்கு முன்பே திரும்பிவிடுங்கள்.

5. வண்டி, பெட்ரோல், கடிகாரம்

ஆஸ்டினிலிருந்து சுமார் 430 மைல், ஆறரை முதல் ஏழு மணி நேரம். சான் அன்டோனியோவிலிருந்து ஆறு. டாலஸிலிருந்து எட்டு, ஹியூஸ்டனிலிருந்து ஒன்பது. பறந்து வருவதென்றால் எல் பாஸோ அல்லது மிட்லண்டில் இறங்கி, வண்டி வாடகைக்கு எடுத்து இன்னும் மூன்று மணி நேரம். ஆம்ட்ராக்கின் சன்செட் லிமிடெட் ரயில் மார்ஃபா வழியாகவே போகிறது, ஆனால் நிற்பது ஆல்பைனில். அதுவும் வாரத்துக்கு மூன்று நாள்தான். அங்கே இறங்கி டாக்சி பிடித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு வேண்டாம். சொந்த வண்டி இல்லாமல் இந்தப் பயணம் நடக்காது.

ஐ-10இல் மேற்கே போகப் போக வேக வரம்பு 80 மைல் ஆகிவிடும். பெட்ரோல் சீக்கிரம் குறையும். பாதி டாங்க் ஆனதும் நிரப்புவது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்டின் பக்கமிருந்து வந்தால் ஃபோர்ட் ஸ்டாக்டனில் கட்டாயம் நிரப்புங்கள், ஆல்பைனுக்கு அங்கிருந்து ஒரு மணி நேரம். எல் பாஸோவிலிருந்து வந்தால் வேன் ஹார்னில். வேன் ஹார்னிலிருந்து மார்ஃபா 74 மைல், நடுவில் வேலண்டைன் என்ற சின்ன ஊர், அதை நம்ப வேண்டாம். போக வர, சுற்ற எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆயிரத்துச் சொச்சம் மைல், சுமார் 40 கேலன், 120 முதல் 140 டாலர் ஆனது.

இப்போது கடிகாரம். எல் பாஸோ மவுண்டன் நேரம், மார்ஃபா சென்ட்ரல் நேரம். ஒரு மணி வித்தியாசம், அதுவும் நமக்கு நஷ்டம். எல் பாஸோவில் காலை எட்டு மணிக்குக் கிளம்பி மூன்று மணி நேரம் ஓட்டினால் மார்ஃபாவில் மணி பதினொன்று அல்ல, பன்னிரண்டு. பதினொன்றரைச் சுற்றுக்குப் பதிவு செய்துவிட்டு இந்தக் கணக்கைத் தவறவிட்ட என் நண்பன், பணமும் போய் சுற்றும் போய், வாசலில் நின்றபடி ஒரு மணி நேரம் என்னைத் திட்டினான். வழி சொன்னது நான்.

இருட்டிய பிறகு ஓட்டாமல் இருக்க முடிந்தால் இருங்கள். மான்களும், காட்டுப்பன்றி போலிருக்கும் ஹவலீனாக்களும் சாலையில் வரும். தெருவிளக்கு கிடையாது. ஓட்டியே ஆக வேண்டுமென்றால் வேகத்தை 55க்குள் வைத்து, முழு வெளிச்சம் போட்டு, எதிரே வண்டி வந்தால் மட்டும் தாழ்த்துங்கள். வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வையுங்கள்.

படம் எடுக்க வேலி தாண்டாதீர்கள். சாலையோரம் பொட்டல் வெளி போல இருப்பதெல்லாம் யாருடையதோ பண்ணை. வேலிக் கம்பத்திலோ மரத்திலோ ஊதா வண்ணப் பட்டை இருந்தால், டெக்சாஸ் சட்டப்படி அது "உள்ளே வராதே" என்ற பலகைக்குச் சமம். அப்புறம், செருப்போடு புல்லில் இறங்காதீர்கள். இங்கே கோட்ஹெட் என்று சொல்லும் முள் வேறொன்றுமில்லை, நம் நெருஞ்சியேதான். சைக்கிள் டயரையே பஞ்சராக்கும். ஷூ போடுங்கள்.

6. சாப்பாடு

உணவகங்கள் நன்றாகவே இருக்கின்றன, ஆனால் அவை திறந்திருக்க வேண்டுமே. இணையத்தில் போட்டிருக்கும் நேரத்தை நம்பிப் போனால் பாதி முறை ஏமாற்றம். கிளம்பும் முன் போன் போட்டுக் கேளுங்கள். இரவு எட்டரைக்கு மேல் பசித்தால் பெட்ரோல் பங்க்தான்.

சைவர்களுக்கு மூன்று எச்சரிக்கை. பீன்ஸ் மசியல் என்றால் சைவம் என்று நினைப்போம், பல இடங்களில் பன்றிக் கொழுப்பில் தாளிப்பார்கள். "மன்டேகா (பன்றிக் கொழுப்பு) இருக்கிறதா?" என்று கேளுங்கள், உடனே புரியும். சிவப்பு அரிசிச் சோறு கோழிச் சாற்றில் வெந்திருக்கலாம். டார்ட்டியா என்ற ரொட்டியில் கோதுமையில் செய்ததிலும் கொழுப்பு சேரலாம், சோள டார்ட்டியா கேட்பது நல்லது. கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. நாங்கள் இரண்டாம் முறை ஒரு சின்ன ரைஸ் குக்கர், ஊறுகாய், புளிக்காய்ச்சல் பாட்டில் கொண்டுபோனோம். பயணத்தில் எடுத்த மிகச் சரியான முடிவு அது. காற்று உலர்ந்தது, தாகம் தெரியாமல் உடம்பு வற்றும். ஆளுக்கு ஒரு கேலன் தண்ணீர் வண்டியில் இருக்கட்டும்.

7. பார்க்கிற வரிசை

சினாட்டியில் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் நேரம் என்றால் ஜட்டின் அலுமினியப் பெட்டிகளைப் பாருங்கள். முடிந்தால் காலைச் சுற்றில்.

இரண்டு நீளமான செங்கல் கொட்டகைகள், ஒரு காலத்தில் ராணுவத் தளவாடம் வைத்திருந்தவை. ஜட் பக்கச் சுவர்களில் இருந்த பெரிய கதவுகளை எடுத்துவிட்டு, நான்கு கட்டமாகப் பிரித்த கண்ணாடி வைத்தார். மேலே வளைந்த தகரக் கூரை போட்டார். உள்ளே மொத்தம் 100 பெட்டிகள், ஒன்றில் 48, மற்றதில் 52. வெளி அளவு எல்லாவற்றுக்கும் ஒன்றே: 41க்கு 51க்கு 72 அங்குலம். உள் அமைப்பு மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு. ஒன்றில் நடுவே சாய்ந்த தகடு, ஒன்றில் மேல் பலகை இல்லை, ஒன்று இரட்டைச் சுவர்.

நுழைந்ததும் அம்மா சொன்னது, "பாத்திரக்கடை கோடவுன் மாதிரி இருக்கு." நானும் மனதுக்குள் அதைத்தான் நினைத்தேன். கால் மணி நேரம் கழித்து மேகம் விலகியது. வெயில் ஜன்னல் வழியே விழுந்ததும் எங்கள் பக்கத்திலிருந்த பெட்டியின் ஒரு பக்கமே காணாமல் போனது. அந்த இடத்தில் வெளியே இருக்கும் மஞ்சள் புல்லும் வானமும் தெரிந்தன. அது தகடா, கண்ணாடியா, ஓட்டையா என்று கண்ணால் தீர்மானிக்க முடியவில்லை. அம்மா குனிந்து, பக்கத்தில் போய், பிறகு சுற்றிப் பின்னால் வந்து பார்த்தார். வழிகாட்டிப் பெண் மெதுவாகத் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டியிருந்தது. விரல் ரேகை பட்டால் அலுமினியத்தில் போகாதாம். அதனால் பைகளை வெளியே விட்டுவிடுங்கள், குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது என்றார்கள். ஏசி கிடையாது. கோடையில் அடுப்பு, ஜனவரியில் ஐஸ் பெட்டி, அதற்கேற்ற உடுப்பு.

சுவரில் ஜெர்மன் எழுத்து தெரிந்தால் ஆச்சரியப்படாதீர்கள். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் கைதிகளை இங்கே வைத்திருந்தார்கள்.

டேன் ஃபிளேவினின் வண்ணக் குழல்விளக்குகள் ஆறு கட்டடங்களில் ஒரே மாதிரிதான் தொடங்கும். ஆறாவது வரை போனால்தான் வித்தியாசம் பிடிபடும், நடுவில் வெளியேறாதீர்கள். பழைய ஆஸ்பத்திரிக் கட்டடம் இருந்த இடத்தில் 2016இல் திறந்த ராபர்ட் இர்வினின் படைப்பு, பாதி இருட்டு, பாதி வெளிச்சம், எனக்கு மிகவும் பிடித்தது. ஜான் சேம்பர்லினின் நசுக்கிய கார்கள் ஊருக்குள் வேறு கட்டடத்தில். அப்பாவுக்கு அது மட்டும் பிடித்தது. "எனக்கு இது புரியுது, ஆக்சிடென்ட்" என்றார்.

பிராடா மார்ஃபா பற்றி எல்லோரும் கேட்பார்கள். 2005இல் எல்ம்கிரீன், டிராக்செட் என்ற இரு கலைஞர்கள் நெடுஞ்சாலையோரம் வைத்த போலிக் கடை. பெயரில் மார்ஃபா இருந்தாலும் அது ஊருக்குள் இல்லை. வேலண்டைனைத் தாண்டி, அரை மணி நேரத்துக்கும் மேல். கதவு திறக்காது, கடை கிடையாது, கழிப்பறையும் கிடையாது. எல் பாஸோவிலிருந்து 90ஆம் சாலையில் வருகிறவர்களுக்கு வழியிலேயே இருக்கிறது, ஐந்து நிமிடம் நிறுத்தலாம். ஆஸ்டின் பக்கமிருந்து வருகிறவர்கள் அதற்காகவே ஒன்றரை மணி நேரம் செலவிட வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். மகள் இருந்தால் நீங்கள் எப்படியும் போவீர்கள்.

8. ராத்திரி

ஊருக்குக் கிழக்கே ஒன்பது மைலில், ஆல்பைன் போகிற சாலையிலேயே, மார்ஃபா விளக்குகளைப் பார்க்கும் இடம் இருக்கிறது. இலவசம், கழிப்பறை உண்டு. தெற்கே தொலைவில் ஒளிப்புள்ளிகள் தோன்றும், பிரியும், மறையும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் பிரிவு இயற்பியல் மாணவர்கள் 2004இல் ஆராய்ந்து, தங்கள் கண்ணில் பட்டவை 67ஆம் சாலையில் வரும் வண்டிகளின் முகப்பு விளக்குகள் என்று முடிவு சொன்னார்கள். நாங்கள் பார்த்ததும் அதுதான் என்று நினைக்கிறேன். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஸ்வெட்டர், பிளாஸ்கில் காபி, செல்போன் வெளிச்சத்தை அணைப்பது, இவ்வளவுதான் தேவை. பத்து நிமிடத்தில் கிளம்பாதீர்கள். விளக்கு வராவிட்டாலும் தலைக்கு மேலே வானம் இருக்கிறது.

நட்சத்திரம்தான் குறி என்றால் ஃபோர்ட் டேவிஸ் தாண்டி மெக்டொனால்டு வானாய்வகம். செவ்வாய், வெள்ளி, சனி இரவுகளில் பொதுமக்களுக்கு நிகழ்ச்சி, முன்பதிவு அவசியம். மார்ஃபாவிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது, மலைப்பாதை. பதிவு செய்யும் முன் நிலாக் காலண்டரைப் பாருங்கள். பௌர்ணமியை ஒட்டிப் போனால் நிலாவைத்தான் பார்ப்பீர்கள், பால்வீதியை அல்ல. எங்கள் திட்டம்: வெள்ளி இரவு வானாய்வகம், சனி பகல் சினாட்டி, சனி இரவு விளக்கு. ஃபோர்ட் டேவிஸில் வெள்ளி இரவு மட்டும் தங்கினால் நடுராத்திரி ஓட்ட வேண்டியதில்லை.

இதே இரண்டு நாளில் பிக் பெண்டையும் முடித்துவிடலாம் என்று ஒருவர் குழுவில் கிளம்புவார். பூங்காவின் நடுப்பகுதிக்கு மார்ஃபாவிலிருந்து இரண்டரை மணி நேரம். தனியாக மூன்று நாள் வைத்துக்கொண்டு போங்கள்.

9. சில வாரம் தங்குவதென்றால்

வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்களுக்கு ஆசை வரும், எனக்கும் வந்தது. இணையம் வீட்டுக்கு வீடு மாறும், அதனால் வாடகைக்கு எடுக்கும் முன் வேகச் சோதனையின் படத்தை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். என் முதல் வீட்டுக்காரர் "நன்றாக இருக்கும்" என்றார். முதல் மீட்டிங்கிலேயே என் முகம் உறைந்து நின்றது. மூன்றாம் நாள் வேறு வீடு மாறினேன், முன்பணத்தில் பாதி போச்சு.

அன்றாட மளிகை ஊரில் கிடைக்கும், தேர்வு குறைவு. பெரிய வாங்கலுக்கு வாரம் ஒரு முறை ஆல்பைன். கறிவேப்பிலை, கொத்தவரங்காய் என்று ஏங்கினால் நகரத்துக்கு மூன்று மணி நேரம் போக வேண்டும். அவசர சிகிச்சைக்கும் ஆல்பைன் ஆஸ்பத்திரிதான், 26 மைல். அதுவும் சின்னது. பெரிய சிக்கல் என்றால் அங்கிருந்து வேறு ஊருக்கு அனுப்பும்படி ஆகலாம். பெற்றோருக்குப் பயணக் காப்பீடு இல்லாமல் இங்கே கூட்டிவராதீர்கள், மாத்திரைகளைப் பத்து நாள் கூடுதலாக எடுத்து வையுங்கள்.

இரண்டாம் வாரத்தில் காபிக் கடையில் என் பெயரைத் தெரிந்து வைத்திருந்தார்கள். எதிர்ப்படும் வண்டிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவார், அதுதான் வணக்கம். நீங்களும் தூக்குங்கள். உள்ளூர்க்காரர்களிடம் வீட்டு விலை, வாடகை பற்றி ரொம்ப ஆர்வமாக விசாரிக்காதீர்கள். வெளியூர்க்காரர்கள் வாங்கி வாங்கியே தங்களுக்கு வீடு கட்டுப்படியாகாமல் போய்விட்டது என்ற வருத்தம் அங்கே உண்டு. அது நியாயமானதும்கூட.

10. கிளம்பும் நாள்

ஞாயிறு காலை நேரே ஐ-10 பிடிக்காமல் ஃபோர்ட் டேவிஸ் வழியாக வடக்கே ஒரு மணி நேரம் போங்கள். பால்மோரியா மாநிலப் பூங்கா. ஊற்றுத் தண்ணீரில் நிரம்பும் மாபெரும் குளம், வருடம் முழுக்க 72 முதல் 76 ஃபாரன்ஹீட். பெரியவர்களுக்கு 7 டாலர், 12 வயது வரை இலவசம். வாரக் கடைசியில் நிரம்பிவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள், அதனால் நாள் அனுமதியை முன்பே இணையத்தில் எடுத்துவிடுங்கள். உயிர்காப்பாளர் கிடையாது, சில இடத்தில் 25 அடி ஆழம். நீச்சல் தெரியாதவர்கள் படியோரமாகவே இருக்கட்டும்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்து முழங்கால் வரை தண்ணீரில் விட்டார். சின்ன மீன்கள் வந்து காலைக் கடித்தன. எழுந்து வர ஒரு மணி நேரம் ஆனது, கிளம்பும்போது மணி பதினொன்றரை. ஆஸ்டின் வீட்டுக்கு இருட்டிய பிறகுதான் வந்து சேர்ந்தோம். நீங்கள் பத்தரைக்கே கிளம்பிவிடுங்கள், ஈரத் துணிக்கு ஒரு பிளாஸ்டிக் பையும் எடுத்துக்கொள்ளுங்கள்.